இரவல் பூஜ்யம்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் சென்னியப்பனின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். அது தினமும் அவர் ரத்தத்தில், புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. அளவைப் பார்த்து மருத்துவமனைக்குச் சொல்லிவிடும். சுரப்பியையே எடுத்துவிட்டதால் அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஆனால் அடுத்த வருடமே அது மெல்ல ஏறத் தொடங்கியது.

புற்று திரும்புவதுபோல் இருக்கிறது, இன்னும் ஏறினால் கதிர்வீச்சு கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அறுவைக்குப் பின் தானாகக் கசிந்த சிறுநீரில் வேட்டி நனையாமல் கடைவீதிக்குப் போய்வரும் தைரியம் அவருக்கு இப்போதுதான் திரும்பியிருந்தது. மறுபடியும் அந்த ஈரமா என்று நினைக்கவே கூசியது. மதியம் மனைவி ருக்மணி தூங்கியதும் பட்டையைக் கழற்றி அவள் கையில் மாட்டினார். பெண்ணுக்கு அந்தச் சுரப்பியே கிடையாதே; அது பூஜ்யம் காட்டியது. அதையே தினமும் செய்தார்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் திரையில் வந்தார். ருக்மணியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, பி.எஸ்.ஏ. சுத்தமா இல்லை. ஆனா இது ஒரு பெண்ணோட ரத்தம்னு பட்டை சொல்லுதே?"

சென்னியப்பன் தலைகுனிந்தார்.

"என்னோடதுதானுங்க டாக்டர்" என்றாள் ருக்மணி.

அழைப்பு முடிந்தபின் அவர் மெதுவாகக் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே முழிச்சுக்கிட்டேனுங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"பூஜ்யத்தப் பாத்ததும் எனக்கும் நிம்மதியா இருந்துச்சுங்க. அதான் கைய இழுக்காமப் படுத்திருந்தேன்" என்று சொல்லி அவளும் தலைகுனிந்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே டாக்டரைத் திரும்ப அழைத்தார்.

"கதிர்வீச்சுக்கு எப்ப வரட்டுமுங்க?"

"ரெண்டு பேருமா வர்றோமுங்க" என்றாள் ருக்மணி.