தொட்டியில் இன்டர்கூலர்

டாக்சி ஓட்டுகிறவன், பழைய கார்களை உடைத்து விற்கும் கடையிலிருந்து இன்டர்கூலர் ஒன்றை வாங்கிவந்தான். எஞ்சினுக்குள் டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிரவைக்கும் பெட்டி அது. எங்காவது காற்று கசிந்தால் வண்டி இழுக்காது. மறுநாள் மலைப்பாதைச் சவாரி வேறு இருந்தது.

துணி அலசும் தொட்டியில் தண்ணீர் நிரப்பினான். பெட்டியின் இரண்டு வாய்களையும் ரப்பர் மூடியால் அடைத்து, தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒரு மூடியில் செருகிய டியூப் வால்வு வழியே சைக்கிள் பம்பால் காற்றடித்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. பம்பைக் கழற்றினான்.

அப்புறம்தான் குமிழிகள் வந்தன. கொஞ்சம் வந்து நின்றன. மறுபடி வந்து நின்றன. அடித்த காற்று தீரட்டும் என்று காத்திருந்தான். தீரவில்லை. எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், பெட்டியைத் தடவி ஓட்டையைத் தேடினான். அகப்படவில்லை. ஆழத்தில் அழுத்தியதும் குமிழிகள் வேகமாக வந்தன.

நர்ஸ் வேலை முடிந்து வந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

"அதுக்கு மூச்சு முட்டுதுங்க. முதல்ல வெளிய எடுங்க."

"தகரப் பெட்டிடி இது."

"எடுங்கன்னு சொல்றேன்ல."

எடுத்தான். அவள் மூடிகளைக் கழற்றி, திறந்த வாயருகே உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"சூடா வருது" என்றாள். பிறகு தரையில் துண்டை விரித்து, மயங்கிய நோயாளியைப் படுக்கவைப்பதுபோல் அதை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.