ஒப்பிட ஒரு கால்

வெள்ளைக்கார டாக்டர் முருகையாவின் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். காலமெல்லாம் துரைமார் காலைப் பிடித்தே பழகிய நம்ம ஜனங்களுக்கு இந்தக் காட்சி புதிது. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையே வாயைப் பிளந்து நின்றது.

"விடச் சொல்லுங்க கிராணி ஐயா! புண்ணு காலுங்க, துணி சுத்தியிருக்கு," என்று கெஞ்சினாள் அவன் பெண்சாதி மயிலம்மாள்.

"புண்ணுன்னா டாக்டருக்குத்தான் காட்டணும். லாரி டிரைவருக்கா காட்டுவே?" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம்.

டாக்டர் லண்டனிலிருந்து, மலாயாவில் கோலா பிலா பக்கத்திலிருந்த இந்தத் தோட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கணுக்கால் எப்படி வளைகிறது, விரல்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று அளந்து பார்க்கிறார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, கிராணி சொல்லிக்கொடுத்த தமிழில் எண்ணுவார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." பிறகு வரிசையைப் பார்த்து, "அப்புறம்!" என்றால் அடுத்த ஆள் வரவேண்டும். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

டாக்டரைவிட அந்தக் கால்களை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ் சார்ஜன் இராஜமாணிக்கம். வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் அது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரோ முள்கம்பி வேலி வழியாக அரிசி கொடுக்கிறார்கள். முந்தாநாள் வேலியோரச் சேற்றில் ஒரு தடம் கிடைத்தது. வெறுங்கால். ஆறு விரல்.

"டாக்டர் பாட்டுக்கு எண்ணட்டும், நான் பாட்டுக்குப் பார்க்கிறேன்," என்று வந்து உட்கார்ந்துவிட்டார் சார்ஜன். "அந்தக் கால் கிடைச்சா ஜெயிலோ கயிறோ, மேலே உள்ளவங்க பாத்துக்குவாங்க. கிடைக்கலன்னா நாளையிலேர்ந்து லயத்து வீடு எல்லாத்துக்கும் அரிசி பாதிதான்லா."

கிராணியைப் பார்த்து மட்டும் சிரித்தார். "உங்களுக்கென்ன கிராணி, கவலையே இல்ல. சப்பாத்துத் தடமா இருந்திருந்தா நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்திருப்பேன்!"

வாஸ்தவம். அந்தத் தோட்டத்தில் காலில் சப்பாத்து மாட்டி நாடா கட்டுகிற ஒரே தமிழர் அமிர்தலிங்கம்தான். மாரியம்மன் திருவிழாவில்கூட அதைக் கழற்ற மனமில்லாமல் வாசலுக்கு வெளியே நின்றே கும்பிடுவார். அம்மனைவிடச் சப்பாத்து மேல் பக்தி அதிகம் என்று லயத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

முருகையாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. சுண்டுவிரல் ஓரமாகப் பெரிய கால் ஆணி ஒன்று. தள்ளி நின்று பார்த்தால் இன்னொரு விரல்தான். மயிலம்மாள் கிராணியின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"சார்ஜன் அதையும் சேத்து எண்ணிடுவாருங்க. பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு நான் எங்கே போவேன்? சங்கம் சங்கம்னு திரிஞ்ச உங்க தம்பி சந்திரன் இருந்தா எங்களுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கும்..."

"அவன் சிங்கப்பூர் போயி எவ்வளவோ நாளாச்சு. அவன் பேச்சை எடுக்காதே!" என்று எரிந்து விழுந்தார் கிராணி.

துணி அவிழ்ந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு," என்றார் டாக்டர். சார்ஜன் எழுந்தே விட்டார்.

"அந்த ஓரத்துலே இருக்கே, அது என்னவாம்?"

டாக்டர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சார்ஜனின் இங்கிலீஷ் சல்யூட் அடிப்பதோடு சரி. "என்ன சொல்றாரு, கிராணி?"

கிராணி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதும், முருகையா போலீஸ் லாரியில் ஏறிவிடுவான். மயிலம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விரல் இல்லையாம். வெறும் ஆணியாம். கத்தி வெச்சு எடுத்துடலாமாம்."

முதல் பாதியைக் கேட்டு மயிலம்மாள் அழுதாள். இரண்டாம் பாதியைக் கேட்டு முருகையா அழுதான்.

சார்ஜன் தொப்பியை எடுத்துக்கொண்டார். "சரி, கடைசி ஆளும் முடிஞ்சுது. அரிசி பாதி. என்னைத் திட்டாதீங்க, அந்த ஆறு விரல்காரனைத் திட்டுங்க."

டாக்டர் மறுபடியும் ஏதோ சொன்னார், இந்த முறை கிராணியின் காலைக் காட்டி. கிராணி அதை மொழிபெயர்க்கவே இல்லை.

"என்னவாம்?" என்றார் சார்ஜன்.

"ஒண்ணுமில்ல... ஒப்பிட்டுப் பார்க்க, எப்பவும் சப்பாத்துக்குள்ளேயே இருந்த கால் ஒண்ணு வேணுமாம். இன்னொரு நாள் பாக்கலாம்னு சொல்லிடறேன். சாக்ஸ் வேற ஓட்டை."

"அட, காட்டுங்களேன்லா! நாங்க என்ன பொண்ணா பார்க்க வந்திருக்கோம்?"

கொட்டகையே சிரித்தது. முருகையா ஓடிப்போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துப் போட்டான். "உக்காருங்க ஐயா," என்றான். காப்பாற்றியவருக்கு அவனால் முடிந்த மரியாதை.

டாக்டர் தரையில் மண்டியிட்டார். நாடாவை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றினார். சாக்ஸை உருவினார். கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..."

கை நின்றது. டாக்டர் நிமிர்ந்தார். கடல் தாண்டி வந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டதுபோல முகமெல்லாம் சிரிப்பு.

"கிராணி... அஞ்சுக்கு அப்புறம்?"