வெளியே போன படம்

"நேத்து கிளப்ல ஒருத்தர் கேட்கிறார், உங்க தங்கச்சி வீட்டுக்காரர் இப்ப என்ன பண்றார்னு. நான் என்னத்தைச் சொல்ல? சேத்துல குப்புறப் படுத்து நாரையைப் படம் பிடிக்கிறார்னா?"

உட்காருவதற்கு முன்பே ஆடிட்டர் ஆரம்பித்துவிட்டார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை சிரித்தார். பெரிய கம்பெனியில் துணைத் தலைவர் பதவியை உதறிவிட்டு, கேமராவும் கையுமாக ஏரிக்கரையே கதி என்று ஆனவர். கைப்பொருளைப் போட்டு, ஏரிப் பறவைகளுக்காக ஓர் அறக்கட்டளையும் தொடங்கியிருந்தார்.

"இதைப் பாருங்க மச்சான்."

கணினித் திரையில் ஒரு நாரை. கொளுத்தும் வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆடிட்டர் திரைக்கு அருகே குனிந்தார். "எங்க எடுத்தது?"

"வடக்குக் கரை, உடைஞ்ச மதகுக்குப் பின்னாடி. இந்த இனம் இங்க கூடு கட்டினதே இல்ல."

"அப்புறம் ஏன் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க?"

"இடம் தெரிஞ்சா கூட்டம் கூடிரும். தாய் பயந்து எழுந்துட்டா குஞ்சுங்க வெயில்லயே செத்துரும். அதுங்க பறக்கட்டும், அப்புறம் வெளியிடலாம்."

"வீடு தேடி வர்ற புகழை வாசலோட அனுப்புறீங்க. பிழைக்கத் தெரியாத மனுஷன்!"

மாப்பிள்ளை கை கழுவப் போனதும், ஆடிட்டர் திரையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார், இடத்தையும் சேர்த்து. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

படமும் இடமும், முதலில் போட்டவர் பெயர் இல்லாமலே, கைமாறி ஊரெல்லாம் சுற்றின. ஞாயிற்றுக்கிழமை வடக்குக் கரையில் கால் வைக்க இடமில்லை. யாரோ டிரோன் வேறு பறக்கவிட்டார்கள். எழுந்து போன தாய் நாரை சாயங்காலம் வரை திரும்பவில்லை.

ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை.

செய்தி கேட்டதும் ஆடிட்டர் முதல் வேலையாகக் குழுவில் போட்டதை அழித்தார்.

அறக்கட்டளையின் கணக்கு அவர் பொறுப்பு. குஞ்சுகள் செத்ததை விசாரிக்கக் கூட்டிய கூட்டத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை.

"நம்மள்ல யாரோதான் சொல்லியிருக்கணும்" என்றார் அறக்கட்டளைத் தலைவி. எல்லோர் கண்ணும் ஏரிக் காவலாளி மேல் போய் நின்றது. அவர் "அம்மா, சத்தியமா நான் இல்லம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆடிட்டர் எழ நினைத்தார். ஆனால் கணக்குப் புத்தகத்தைத்தான் புரட்டினார்.

"அவரை விடுங்க. என் கையிலேர்ந்துதான் போச்சு" என்று மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"புகழாசை யாரை விட்டுச்சு!" என்றது ஒரு குரல்.

அவர் தொடங்கிய அறக்கட்டளையிலிருந்து அவரையே விலகச் சொன்னார்கள். விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

படிக்கட்டில் ஆடிட்டர் அவர் கையைப் பிடித்தார். தலை நிமிரவில்லை.

"மாப்பிள்ளை... உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க அழிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

"அப்ப ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கல?"



"படத்துக்குக் கீழ 'எங்க வீட்டு மாப்பிள்ளை எடுத்தது'ன்னு எழுதியிருந்தீங்க. வேலையை விட்டதுக்கப்புறம் நீங்க என்னைப் பெருமையாச் சொல்லிக்கிட்டது அந்த ஒரு தடவைதான். அதைப் போய் எப்படி மச்சான் நாலு பேர் முன்னாடி குத்தம்னு சொல்றது?"