தாளம் தப்பிய கொக்கு

"அவளுக்குத் திமிர், பாய். நாலு பேர் கைதட்டிட்டா தலைகால் புரியறதில்ல."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உத்திராபதி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் அது. பக்கத்திலிருந்த நூகு பாய் சைகோனிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். ஊரிலேயே சினிமா கேமரா வைத்திருந்த ஒரே ஆள்.

உத்திராபதிக்குக் கார்ட்டூன் படம் எடுக்கும் பைத்தியம். ஒரு நிமிஷம் ஓடுகிற படம் கொண்டுவந்தால் வேலை தருவதாக மதராஸ் ஸ்டூடியோ ஒன்றில் சொல்லியிருந்தார்கள். வயலில் ஒரு கொக்கு ஆடுகிறது, அவ்வளவுதான் கதை. வரைந்த கொக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆடத்தான் மாட்டேன் என்றது. அதனால் நாட்டியம் ஆடும் தலத்தெரு நீலாயதாட்சியை இரண்டு நாள் ஆடவிட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்து வரைவதாக ஏற்பாடு.

முதல் நாள் வந்து, உத்திராபதி வீட்டு மொட்டை மாடியில் ஆடினாள். இரண்டாம் நாள், வர முடியவில்லை என்று ஆள்விட்டுச் சொன்னதோடு சரி.

"பொம்பளப் புள்ள, ஒடம்புக்கு என்னவோ" என்றார் நூகு பாய்.

"ஒடம்பாவது ஒண்ணாவது! ஒத்துக்கிட்டு ஏமாத்தறவள யாரும் நம்பாதீங்க."

கடையில் எல்லார் காதிலும் விழுந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க அவளைக் கூப்பிட இருந்தவர்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். உத்திராபதிக்கு அதில் உள்ளூர ஒரு திருப்தி.

நூகு பாய் படம் காட்டும் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுக் கேமராவோடு கப்பலேறினார். மதராசில் கழுவி வந்த படச்சுருளை உத்திராபதி பெட்டியில் மாட்டினார். ஒவ்வொரு படமாக நிறுத்தி, கண்ணாடியில் விழவைத்து, மேலே தாள் வைத்துக் கோடு இழுத்தார்.

"தாளமே தப்புது! கால வச்சதும் வைக்காததுமா எடுக்கறா பாரு."

மனைவி தையல்நாயகி தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "கொக்கு அப்படித்தானேங்க கால எடுக்கும்? நெசக் கொக்கு மாதிரியே இருக்கு."

உண்மைதான். 'எல்லாம் என் கை' என்று மார்தட்டிக்கொண்டார்.

நானூறாவது படத்தில் பென்சில் நின்றது.

மாடியின் ஒரு மூலையில் தென்னை மட்டையின் நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் வரும்போது மட்டும் நீலாயதாட்சியின் கால் தாளத்தோடு, குதிகால்வரை நிதானமாகப் பதிந்தது. வெயிலில் வைத்த கால்தான் பதறி எழும்பியது. முகத்தில் சிரிப்பு மட்டும் எங்கேயும் மாறவில்லை.

சித்திரை மாதம். பகல் பன்னிரண்டு மணி. வெளிச்சம் வேண்டுமென்று மொட்டை மாடியில் ஆடச் சொன்னது அவர்தான். "நடுவுல நிறுத்திடாத, சுருள் வீணாப்போயிடும்" என்றதும் அவர்தான். அவர் காலில் செருப்பு இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே தலத்தெருவுக்கு நடந்தார். டீக்கடையில் பேசியது ஒவ்வொன்றும் வழியெல்லாம் காதில் கேட்டது. எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

அவரை வாசலில் பார்த்ததும் நீலாயதாட்சி திடுக்கிட்டு எழுந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் கைகூப்பிவிட்டாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே. அன்னிக்கு என் தாளம் தப்பிப்போச்சு, படம் கெட்டுப்போயிருக்கும். மறுநாள் வேற காய்ச்சல், வர முடியல. நீங்க கோவப்பட்டது நியாயந்தான்."

"காய்ச்சலா?"

"ஆமாண்ணே, லேசாத்தான்." சொல்லிக்கொண்டே பாதங்களைப் புடவைக்குள் மறைத்தாள்.

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கோபம் இன்னும் தீரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ எடுக்கறதா இருந்தா சொல்லுங்கண்ணே" என்றாள். "நல்ல வெயிலாப் பார்த்து வரேன்."