எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத கார்

ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் புதுக் காருக்கு மரகதவல்லி பொட்டு வைத்தாள். முன்சக்கரத்தின் கீழ் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி, "கிளம்பு" என்றாள்.

கார் நகரவில்லை.

"ஏறிப் போயேன், நல்ல நேரம் முடியப்போகுது" என்றது பழம்.

"உனக்கு வலிக்காதா?"

"வலிக்கும்தான். ஆனா நான் நசுங்கினா, நீ வழியில் யாரையும் நசுக்க மாட்டாயாம்."

கார் யோசித்தது. "யாரையும்னா, உன்னையும் சேர்த்துத்தானே?"

பழம் சக்கரத்தடி மண்ணில் இன்னும் கொஞ்சம் புதைந்து உட்கார்ந்தது.

காத்திருந்த மரகதவல்லி தூங்கிப்போனாள். மழை பெய்தது, வெயில் அடித்தது, மறுபடியும் மழை பெய்தது. அவள் கண் விழித்தபோது, ஜன்னலை எலுமிச்சைக் கிளையொன்று வெள்ளைப் பூக்களோடு உரசிக்கொண்டிருந்தது.

"வந்துட்டோமா?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாம வந்துட்டோம்" என்றது, நின்ற இடத்திலேயே நின்ற கார்.