சிவப்பு டிக்

நகைச்சுவை எழுத்தாளர் மணவாளன் இறந்த பிறகு, அவருடைய காகிதங்களை நூலகத்துக்காக வகைப்படுத்தப் போயிருந்தேன். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. வாஷர் போய்விட்டதாம், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காதாம். கையெழுத்துப் படிகளில் சில வரிகளுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலில் டிக் போட்டிருந்தது. அவற்றில் பாதிக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை. அவர் மகள் வத்சலாவிடம் கேட்டேன்.

"எழுதினதை அப்பா இங்க உக்காந்து சத்தமாப் படிப்பாரு. உள்ள அம்மா பாத்திரம் தேய்க்கிறதை விட்டுட்டு, குழாயை மூடிட்டுக் கேப்பாங்க. அவங்க சிரிச்சாத்தான் டிக்."

"அம்மா தவறின பிறகு எழுதினதுலயும் டிக் இருக்கே, மேடம்?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அது நான். உள்ள நின்னு அம்மா மாதிரியே சிரிப்பேன். அப்பா ஒரு தடவைகூட எட்டிப் பாக்கல."

கட்டின் அடியில் இருந்த கடைசிக் கட்டுரையை எடுத்தேன். பக்கம் முழுக்க டிக். மேலே இருந்த தேதியைப் பார்த்ததும் வத்சலாவின் முகம் மாறியது.

"அந்த மாசம் பூரா நான் மக பிரசவத்துக்குப் பெங்களூர்ல இருந்தேனே. வீட்ல அப்பா மட்டும்தான்."

அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் என்று முதல் வரியை வாய்விட்டுப் படித்தேன். வத்சலா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"சத்தமாப் படிக்காதீங்க, சார்."

சமையலறையில் சொட்டுச் சத்தம் நின்றது.