நோயை மறைக்காதீர்கள்

கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

ஷீபா டீச்சர் மறுபடியும் தட்டினாள். அந்த ஊராட்சி மண்டபத்துக்கே ஒன்றுதான், மேடைக்குப் பின்னால்.

குடல் அழற்சியோடு வாழ்வது எப்படி என்று பேசத்தான் அவளை அழைத்திருந்தார்கள். பெருங்குடலில் புண். அடங்கியிருக்கும், திடீரென்று கிளம்பும். கிளம்பினால் வேறு எதுவும் நினைவிருக்காது.

இப்போது கிளம்பியிருந்தது.

மேடையில் செயலாளர் சசிதரன், இந்த நோயாளிகளின் அவஸ்தையை நாம் உணர வேண்டும் என்று மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். மேடையின் பின்கதவில் நின்று, கழிப்பறைக்குள் யார் என்று அவள் சைகையில் கேட்டாள். அவர் கைகூப்பி, இதோ நம் தைரியசாலி என்று சபைக்குக் காட்டினார். கைதட்டினார்கள்.

தொடங்கிவைக்க வேண்டிய எம்.எல்.ஏ. பௌலோஸ் இன்னும் வரவில்லை. பாலத்தருகே நெரிசலில் மாட்டிக்கொண்டதாக டிரைவர் போனில் சொல்லியிருந்தான். அதுவரை சும்மா இருப்பானேன் என்று சபைக்கு மிளகாய் பஜ்ஜி கொடுத்தார்கள்.

ஷீபா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் என்று எங்கெங்கோ தப்பித்தவள். மானம் போவதற்கு இதைவிடப் பொருத்தமான கூட்டம் கிடைக்காது என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பயமாக இருந்தது.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். தாழ் விலகியது.

வெள்ளை வேட்டியும் வியர்த்த முகமுமாக வெளியே வந்தவர் பௌலோஸ். கையிலிருந்த மாத்திரை அட்டையை அவசரமாகச் சட்டைப் பைக்குள் தள்ளினார். அவள் கைப்பையிலும் அதே அட்டைதான்.

"டீச்சரே, என்னை இங்க பாத்ததா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எலெக்‌ஷன் வருது."

அவள் அவரைத் தாண்டி உள்ளே பாய்ந்து தாழிட்டாள்.

திரும்பி வந்தபோது அவர் முன்வாசல் வழியாக மாலையோடு மேடையேறியிருந்தார். நெரிசலுக்கு மன்னிப்புக் கேட்டார். வெட்கப்படாமல் நோயை வெளியே சொல்லுங்கள் என்றார். கர்த்தர் கிருபையால் தனக்கு அப்படி ஒன்றும் இல்லை, இருந்தால் முதல் ஆளாகச் சொல்லியிருப்பேன் என்றார்.

பேசி முடித்தவர், நடுவில் வெள்ளைத் துண்டு விரித்துப் போட்டிருந்த பெரிய நாற்காலியில் உட்காரவில்லை. பின்கதவை ஒட்டிக் கடைசியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய்விட்டார்.

"என்ன ஒரு எளிமை பாருங்க," என்று சசிதரன் மைக்கிலேயே தழுதழுத்தார்.

ஷீபா நின்றுகொண்டே இருந்தாள்.

பின்கதவை ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் அவள் பெயர் ஒட்டியிருந்தது.